வேறு வழி

சுரங்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஷிப்டு நேரத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் நான். காலை ஷிப்டு, மாலை ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மாறி மாறி ஓடிய வாழ்க்கையில் ஐந்து நிமிடத் தாமதத்தையும் குற்றமாகவே எண்ணப் பழகியிருந்தேன். பணி ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் என்னை விட்டு அகலவில்லை. திருமண வீட்டுக்குப் போனாலும், திருப்பலிக்குப் போனாலும் அரை மணி முன்னதாகவே போய் நிற்பேன். "மணி அடிக்கிறவருக்கு முன்னாடி நீங்க போய் நிக்கிறீங்க" என்று என் மனைவி கேலி செய்வாள்.

இத்தகைய மனிதன் ஐரோப்பியப் பயணத்துக்குத் திட்டமிட்டால் எப்படி இருக்கும் என்பதை வாசக அன்பர்கள் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எந்த நாளில் எந்த வண்டி, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எங்கே மாற வேண்டும், எங்கே சாப்பாடு என்று முதல் ஆறு பக்கங்களில் அட்டவணை போட்டேன். எஞ்சிய பக்கங்களைச் செலவுக் கணக்குக்கென ஒதுக்கினேன். இன்று அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால் நான் எழுத நினைத்த கணக்கு அதில் இல்லை. வேறொரு கணக்கே இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மனைவியின் தங்கை புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்டு, நெடுங்காலமாகப் பாரிஸ் புறநகரில் வசிப்பவள். அவள் பிள்ளைகள்தான் பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். பாரிஸ் பார்த்தோம். 1858இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு அன்னை காட்சி தந்த லூர்து நகருக்கும் சென்று வந்தோம். எல்லாம் அட்டவணைப்படியே நடந்தது. அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜெர்மனியில் கேவலார் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நெதர்லாந்து எல்லைக்கு அருகில் உள்ள அந்தத் திருத்தலத்துக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரு சனிக்கிழமை ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் திருப்பயணம் வருகிறார்கள். ஈழப் போரினால் நாடு விட்டுச் சென்றவர்கள் 1980களில் தொடங்கிய வழக்கம் அது. கத்தோலிக்கர் மட்டுமல்லர், இந்துக்களும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே வணங்கப்படும் அன்னைக்குத் துயருற்றோரின் ஆறுதல் என்று பெயர். பாரிசில் லா ஷபேல் பகுதியில் தமிழ்க் கடைகளுக்குப் போனபோது யாரோ ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள் இதை மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அன்றிரவே, "அங்க ஒரு தடவ போகணுங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எத்தனை மணி வண்டி என்றுதான் பார்த்தேன்.

அத்துடன் என் ஆசையையும் ஒட்டவைத்தேன். வழியில் கொலோன் நகரம் இருக்கிறது. அங்குள்ள பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1248இல், முடித்தது 1880இல். இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேலை நின்றுபோய், 1842இல் மீண்டும் தொடங்கியது. கோபுரங்களின் உயரம் 157 மீட்டர். குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரசர்களின் திருப்பண்டங்கள் என்று போற்றப்படுபவை 1164இல் மிலான் நகரிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கேதான் பொற்பேழையில் வைக்கப்பட்டுள்ளன. பேராலயம் தொடர்வண்டி நிலையத்தின் வாசலிலேயே நிற்கிறது. வெள்ளி மாலை கொலோனில் இறங்குவது, பேராலயத்தைப் பார்ப்பது, அருகிலேயே தங்குவது, சனி காலையில் கேவலாருக்குப் போய்ப் பெருந்திருப்பலியில் பங்கேற்பது. திட்டம் எனக்கே அழகாகத் தெரிந்தது. நோட்டில் "கொலோன்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பாரிஸ் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக வண்டியில் புறப்பட்டோம். பிரசல்சைக் கடந்து லியேஜ் நகருக்கு அப்பால் வண்டி வயல்வெளியில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். பிறகு மெல்ல ஊர்ந்து ஜெர்மன் எல்லையிலுள்ள ஆகன் நகரை அடைந்தது. வண்டி இதற்குமேல் போகாது, பயணிகள் உள்ளூர் வண்டிகளில் செல்லலாம் என்று அறிவித்தார்கள். பாரிசுக்குத் தொலைபேசியில் பேசினேன். "டோர்ட்முண்ட் பக்கம் போற வண்டியில ஏறுங்க பெரியப்பா, அது கொலோன் வழியாத்தான் போகும்" என்றான் மைத்துனியின் மகன்.

அவன் சொன்னதில் பிழையில்லை, பாதிதான் சொன்னான். ஆகனிலிருந்து டோர்ட்முண்டுக்கு இரண்டு பாதைகள். ஒன்று கிழக்கே கொலோன் வழியாகப் போகிறது. மற்றொன்று வடக்கே மொன்ஷென்கிளாட்பாக் வழியாகப் போகிறது. எங்கள் விருத்தாசலம் சந்திப்பில் நிற்கும் ஒருவனிடம் "சென்னை வண்டி" என்று மட்டும் சொன்னால், அது மெயின் லைனா, கடலூர் வழியா, சேலத்துப் பக்கமிருந்து வந்ததா என்று அவன் திருப்பிக் கேட்பான். அந்நிய ஊரில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. பலகையில் டோர்ட்முண்ட் என்று கண்டதும், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிவிட்டேன். அரை மணி கழித்துப் பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்து, எங்கள் சீட்டையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. அடுத்த பெரிய நிலையத்தில் மாறிக்கொள்ளலாம் என்றார். அந்தப் பெரிய நிலையமும் வரவில்லை. எர்க்கெலென்ஸ் என்ற ஊரில் வண்டி நின்றது. முன்னால் பாதையில் தடை என்றும், வண்டி எப்போது கிளம்பும் என்று சொல்ல இயலாது என்றும் ஒலிபெருக்கி அறிவித்தது.

மேடையில் இறங்கி நின்றோம். இரவு ஒன்பதரை மணி இருக்கும். கோடைக்காலமாதலால் மேற்கில் வெளிச்சம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. கொலோனில் எடுத்திருந்த அறையும் பேராலயமும் என் கைவிட்டுப் போயின. என் கோபத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, மனைவிதான் கிடைத்தாள். "உன் கேவலாரால்தானே இத்தனையும்" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. பெட்டியின்மேல் அமர்ந்து செபமாலையை எடுத்தாள்.

எங்களோடு இறங்கியவர்களில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி இருந்தார். செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் நன்கு பேசினார். எங்கே போக வேண்டும் என்று விசாரித்தார். அந்த இரவில் கொலோனுக்குப் போய்ச் சேருவது கடினம் என்றார். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றேன், தமிழ்நாடு என்றேன், நெய்வேலி என்றேன். அங்கே என்ன விசேஷம் என்று கேட்டார். பழுப்பு நிலக்கரி என்பதற்கு ஜெர்மானியச் சொல் எனக்குத் தெரியும். எங்கள் சுரங்கத்தின் சக்கர வாளி வெட்டு இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அவற்றின் வரைபடங்களில் அந்தச் சொல்லை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். "பிரவுன்கோல" என்றேன், சற்றுப் பெருமையாகவே. "நான் அந்த இயந்திரத்தில்தான் வேலை பார்த்தேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் முகத்தில் புன்னகை நின்றுபோயிற்று. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. வாருங்கள்" என்றார்.

ஊருக்குப் புறத்தே அவர் வீடு இருந்தது. தெருக்கள் நேராக இருந்தன, வீடுகள் எல்லாம் ஒரே வயதுடையவையாகத் தோன்றின, மரங்கள் இளையவை. நெய்வேலி நகரியத்தில் வாழ்ந்தவனுக்கு இந்தத் தோற்றம் புதியதன்று. மனிதர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய ஊர் ஒரு விதம். ஒரே நாளில் வரைபடத்தில் வரைந்த ஊர் வேறு விதம். ஊரின் பெயர்ப் பலகையில் "இம்மெராத்" என்றும், அடைப்புக் குறிக்குள் "புதியது" என்றும் எழுதியிருந்ததை அவரே காட்டி விளக்கினார். பழைய இம்மெராத் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கார்ட்ஸ்வைலர் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அதை நோக்கி நகர்ந்து வந்தது. 2006 முதல் மக்கள் இந்தப் புதிய இடத்துக்குக் குடிபெயரத் தொடங்கினர்.

அடுப்பங்கரை மேசையில் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வைத்தார். மைத்துனி பாரிசில் கட்டிக் கொடுத்திருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மனைவி பிரித்து அவருக்கும் பரிமாறினாள். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வர, அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். பின்னர் ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார். இரட்டைக் கோபுரங்களோடு கம்பீரமான ஆலயம். புனித லாம்பெர்ட் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. அந்த வட்டாரத்தார் அதன் பெருமை கருதி இம்மெராத் பேராலயம் என்றே அழைத்தார்களாம். 2013 அக்டோபரில் இறுதித் திருப்பலி நிறைவேற்றி, ஆலயத்தை வழிபாட்டிலிருந்து நீக்கினார்கள். 2018 சனவரி 8, 9 ஆகிய நாட்களில் இயந்திரங்கள் அதை இடித்துத் தள்ளின. நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்த நாளுக்கு ஏழு மாதங்கள் முன்புதான்.

"எனக்கு ஞானஸ்நானம் அந்த ஆலயத்தில். என் திருமணமும் அங்கேதான். இடித்த அன்று ஊரார் பலரும் போய் நின்றார்கள். நான் போகவில்லை, எனக்கு வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்" என்றார். நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். அதைக் கவனித்த அவர், "உங்களைக் குறை சொல்லவில்லை. என் அண்ணன் இதே சுரங்கத்தில்தான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தான். இந்த விளக்கும் அந்தக் கரியில்தான் எரிகிறது" என்று மேசைக்கு மேலிருந்த விளக்கைக் காட்டினார்.

மறுநாள் காலையில் எங்களைத் தம் காரில் மொன்ஷென்கிளாட்பாக் நிலையத்தில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அதற்குமுன் சுரங்கத்தைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். தொழில்காரனின் ஆர்வம் என்னை விடவில்லை. வயல்களினிடையே சென்ற சாலை ஓரிடத்தில் முடிந்தது. அதற்கப்பால் பூமி இல்லை.

அன்பர்களே, சுரங்கம் எனக்குப் புதியதன்று. கடலூர்ச் சீமையில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930களின் நடுவில் நீருக்காகத் தோண்டியபோது கரும்பொருள் வெளிவந்த கதை முதல், 1957 மே 20 அன்று பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது வரை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம்போல ஒப்பிப்பேன். கடினமான கடலூர் மணற்கல்லில் வாளிப் பற்கள் தேய்ந்துபோகும்; அவற்றை மாற்றிய கைகள் என்னுடையவை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத் தரையைப் பிளந்துவிடாமலிருக்க, இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதை முப்பத்தெட்டு ஆண்டுகள் கண்டவன். ஒரு சுழற்சியில் ஒவ்வொரு வாளியும் 1400 லிட்டர் மண் அள்ளும் இயந்திரத்தின் ஓசை எனக்குத் தாலாட்டு. ஆயினும் அதுவரை நான் சுரங்கத்தை உள்ளிருந்தே பார்த்திருந்தேன். கீழே நின்று மேலே பார்ப்பவனுக்கு அது வேலை. மேலே, விளிம்பில், வயலின் ஓரத்தில் நின்று கீழே பார்ப்பவருக்கு அது வேறு. அன்றுதான் முதன்முறையாக விளிம்பில் நின்றேன்.

வெகு தொலைவில் ஓர் இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. 13,000 டன் எடையுள்ள இத்தகைய இயந்திரமொன்று 2001இல் வேறொரு சுரங்கத்திலிருந்து இந்தச் சுரங்கத்துக்குச் சாலைகளையும் ஓடையையும் கடந்து 22 கிலோமீட்டர் தானே ஊர்ந்து வந்தது என்பதை நான் படித்திருந்தேன். அதை மனைவிக்கு விளக்கிச் சொல்லத் திரும்பினேன். அவள் சுரங்கத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியிடம் ஏதோ கேட்க முயன்று கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"என்னங்க, இவங்க ஊரு கல்லறையெல்லாம் என்ன ஆச்சுன்னு கேளுங்க."

கேட்டேன். அவர் எங்களை மறுபடி காரில் ஏற்றிப் புதிய ஊரின் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். இடம் புதியது, கற்களில் சில பழையவை. பழைய ஊரில் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர்களை எடுத்துவந்து, இங்கே மறுபடி நல்லடக்கம் செய்திருக்கிறார்கள். தம் தந்தையின் கல்லறை முன் அவர் நின்றார். பூச்செடிக்கு நீர் வார்த்தார்.

"பொணத்தையும் எடுத்துக்கிட்டா வந்தாங்க?" என்று மனைவி கேட்டாள். ஆம் என்றேன். அவள் அந்தக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அம்மாவ யாரும் எடுத்துக்கிட்டு வரலீங்க."

எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். இரண்டாம் சுரங்கத்துக்கு 1978இல் அனுமதி கிடைத்தது. அதையடுத்து 1980களின் தொடக்கத்தில் நிலம் கொடுத்த ஊர்களுள் அவள் பிறந்த சிற்றூரும் ஒன்று. அது எனக்குத் தெரியும். இழப்பீடு வந்தது, மைத்துனனுக்கு வேலை கிடைத்தது, மாமனார் புதிய இடத்தில் வீடு கட்டினார் என்பதும் தெரியும். எனக்குத் தெரியாத கதையை அவள் சொன்னாள். மாமனார் இரண்டு மாட்டு வண்டிகளில் கதவு, நிலை, உத்தரம், அம்மிக்கல், குதிர் எல்லாவற்றையும் ஏற்றினார். ஊர் நடுவிலிருந்த அந்தோனியார் குருசடியின் மரச்சிலுவையையும் பிடுங்கி ஏற்றினார். அவளுடைய தாய், அவளுக்குப் பத்து வயதாகும்போது இறந்தவர். மண்மேடும் மரக்குருசுமாக இருந்த அவர் கல்லறை மழையில் கரைந்து, தரையோடு தரையாகியிருந்தது. எலும்பை எடுத்துச் செல்லலாம் என்று ஊரில் எவருக்கும் தோன்றவில்லை. எவரும் கேட்கவுமில்லை. கடைசியாக ஒருமுறை அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று இவள் சொன்னபோது, "வண்டிக்கு நேரமாச்சு" என்றாராம் தகப்பனார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, நாங்கள் நகரியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். என் பெற்றோர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பூப்போட்டதும், இவள் தனியே நடந்துபோய்ப் பெயர் அழிந்த, கவனிப்பாரற்ற ஏதாவதொரு கல்லறையைத் தேடி, அங்கே ஒரு மெழுகுவர்த்தி வைப்பாள். யாருமற்ற ஆன்மாக்களுக்காகச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் பக்தியை நண்பர்களிடம் புகழ்ந்தும் இருக்கிறேன். அவள் தன் தாய்க்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தாள் என்பதை அறியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை எழுதக் கை தயங்குகிறது. எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. அந்த நிலத்தின் மேலடுக்கை வெட்டிய நாட்களில் நான் அந்த இயந்திரத்தில்தான் பணியிலிருந்தேன். எங்களுக்கு அது ஊரன்று. ஓர் அடுக்கு, ஓர் எண். அது மனைவியின் ஊர் என்பது எனக்குத் தெரியாததன்று. மாலையில் வீடு திரும்பி, இன்று எவ்வளவு வெட்டினோம் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் சோறு போட்டுவிட்டு, அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். யாரையும் குற்றம் சாட்ட இதை நான் எழுதவில்லை. அந்தக் கரியில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். தமிழகத்தின் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "உன் அம்மா எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்க முப்பத்தைந்து ஆண்டுகளில் எனக்கு நேரம் வாய்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தவனுக்கு!

அந்த ஜெர்மானியப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மனைவி அவரிடம் நேரே தமிழில்தான் பேசினாள். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தபோது அவர் கையமர்த்தினார். இருவரும் அந்தக் கல்லின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கேவலாரை நாங்கள் அடைந்தபோது பிற்பகல் மூன்று மணியாகியிருந்தது. கிரேஃபெல்ட் நகரில் ஒருமுறை வண்டி மாறினோம். இம்முறை பலகையை மூன்று பேரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே ஏறினேன். பெருந்திருப்பலி முடிந்திருந்தது. ஆயினும் தெருவெல்லாம் தமிழ் முகங்கள். பட்டுச் சேலைகள், குழந்தைகளின் கூச்சல், மர நிழலில் பரப்பிய சாப்பாட்டுப் பாத்திரங்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையை யாரோ பெயர்த்து வைத்தாற்போலிருந்தது. எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டவர்களெல்லாம் ஊரை இழந்தவர்கள். பதிலுக்கு நெய்வேலி என்று நான் சொல்லும்போது, முந்தைய நாளின் பெருமை என் குரலில் இல்லை.

அந்த அன்னையின் படத்தைப் பார்த்து வியந்தேன். பெரிய சிலையோ, ஓவியமோ இல்லை. உள்ளங்கை அளவேயான காகிதத்தில் அச்சிட்ட சிறு படம். 1641ஆம் ஆண்டு இறுதியில் ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற ஊர்சுற்றி வியாபாரி அந்தப் பாதையில் போகும்போது, வழியோரச் சிலுவையருகே நின்று செபித்தான். இங்கே எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு என்னும் கருத்துப்பட ஒரு குரல் கேட்டது என்பது மரபு. அடுத்த ஆண்டு சூன் மாதத்தில் அந்தப் படம் அங்கே நிறுவப்பட்டது. வேறெங்கோ வியாபாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவனை இறைவன் வழியில் நிறுத்திவைத்த இடம் அது. மனைவி ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினாள். இம்முறை தனியே போகவில்லை. என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றாள். "அம்மா பேர நீங்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

ஊர் திரும்பினோம். கொலோன் பேராலயத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. நோட்டின் எஞ்சிய பக்கங்கள் வெறுமையாகவே கிடந்தன. அக்டோபர் மாதம் ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு மைத்துனன் வீட்டுக்குப் போனோம். அந்த ஊரைச் சேர்ந்த முதியவர்கள் மந்தாரக்குப்பத்திலும் சுற்றுப்புறத்திலும் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தோம். ஊரில் யார் யார் அடக்கமானார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். "வடக்கே புளியமரம், அதுக்குக் கீழ எங்க ஐயா, பக்கத்துல பொறந்த அன்னைக்கே செத்த எங்க கொழந்த, அதுக்குப் பேரு வைக்கல, மரியாள்னு எழுதிக்குங்க" என்றார் ஒரு பாட்டி. முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்தன. மனைவி ஞாபகத்திலிருந்து ஊரின் படமொன்று வரைந்தாள்: குருசடி, கிணறு, களம், கல்லறை. நான் எத்தனையோ வரைபடங்கள் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாள் திருப்பலியில் எங்கள் பங்குத்தந்தை முப்பத்தொரு பெயர்களையும் வாசித்தார். மாமியாரின் பெயர் பத்தொன்பதாவதாக வந்தது. அந்தப் பாட்டி கைத்தடியூன்றி, முன்வரிசையில் நின்றுகொண்டே கேட்டார். அன்று முதல் ஆண்டுதோறும் அந்தப் பெயர்களை வாசிக்கிறோம். வேறு இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இழந்த நிலத்தை இது திருப்பித் தராது என்பதை நான் அறிவேன். ஆனால் இறந்தவர்களை நினைப்பது நம் மறையில் கடமை. நினைப்பதற்கு முதலில் பெயர் வேண்டும்.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் மண்ணின் துயரையும் எளியோரின் துயரையும் ஒன்றாகவே கேட்க வேண்டும் என்று கற்பித்தார். அதை அப்போது ஒரு கூட்டத்தில் வாசிக்கக் கேட்டுக் கைதட்டியவன் நான். அது என் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றியது என்பது விளங்க, தவறான வண்டியில் ஏற வேண்டியிருந்தது.

அந்த ஜெர்மானியப் பெண்மணி கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆண்டுதோறும் வாழ்த்து அனுப்புகிறார். 2022 அக்டோபரில் அங்கே அரசும் சுரங்க நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாட்டினால், இடிக்கப்படவிருந்த ஐந்து சிற்றூர்கள் தப்பின. லுட்செராத் என்ற மற்றோர் ஊர் தப்பவில்லை, அதை 2023 சனவரியில் காலிசெய்தார்கள். 2030இல் அங்கே கரி எடுப்பது முடிவுக்கு வரவேண்டும். பின்னர் ரைன் ஆற்று நீரைக் கொணர்ந்து, பல பத்தாண்டுகளில் அந்தப் பள்ளத்தை ஏரியாக்கப் போகிறார்களாம். நம் ஊரிலும் முதலாவது அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. வெட்டி முடித்து, நிரப்பிய மண்ணில் மரங்கள் வளர்கின்றன. அவற்றுள் எந்த மரத்தின் கீழ் எங்கள் முப்பத்தொரு பேரும் என்று சொல்ல இயலாது. ஆகவே எல்லா மரங்களையும் மரியாதையோடு பார்த்துப் போகிறோம்.

ஒவ்வொரு சனவரியிலும் மூவரசர் திருநாள் வரும்போது கொலோனை நினைத்துக்கொள்கிறேன். அந்த ஞானிகளும் முதலில் தவறான வாசலுக்குத்தான் போனார்கள். அரசன் அரண்மனையில்தான் பிறப்பான் என்று நம்பி ஏரோதின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். குழந்தையைக் கண்டபின், வந்த வழியே திரும்பாமல் வேறு வழியாக நாடு திரும்பினார்கள் என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. இறைவனைக் கண்டவனால் பழைய வழியில் திரும்பிப்போக முடியாது என்று பங்குத்தந்தை ஒருமுறை மறையுரையில் விளக்கினார். நான் இறைவனைக் கண்டேன் என்று சொல்லத் துணியமாட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் உடன்வாழ்ந்த ஒருத்தியின் துயரத்தைக் கண்டேன்.

இப்போதும் நான் திருப்பலிக்கு அரை மணி முன்னதாகவே புறப்படுகிறேன். மனைவி ஏதேனும் சொல்லத் தொடங்கினால், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.